என் ரத்தத்தில் ஒரு கிருமி

தங்கச்சி எனக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தாள். சில மாதங்கள் கழித்து, ஆராய்ச்சிக்காக எடுத்த என் ரத்தத்தில் ஒரு வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். அவளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்தேன். சிராங்கூன் சாலைக் கடையில் அவளோடு சாப்பிடுவதை நிறுத்தினேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த தாதியிடம், "அந்தக் கிருமியக் கொல்ல மருந்து குடுங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "அண்ணே, அது பெரும்பாலும் எல்லார்கிட்டயும் இருக்கும், ஒண்ணும் செய்யாது லா. கிட்னிக்காகக் குடுக்கற மருந்தால உங்க எதிர்ப்பு சக்தி ரொம்பக் கொறைஞ்சா அது பெருகும். சக்தி ஏறுனா அது கொறையும். அப்ப உங்க உடம்பே தங்கச்சி கிட்னிய அடிக்கப் பார்க்கலாம். இப்ப அந்தக் கிருமி அளவாத்தான் இருக்கு, அப்படின்னா உங்க சக்தியும் சரியா இருக்குன்னு அர்த்தம்."

அன்று மாலையே தங்கச்சியைக் கடைக்கு வரச் சொன்னேன்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"கிருமி நல்லா இருக்காம்."

"என் கிட்னி?"

"அதுவும்தான்."

"அப்ப புரோட்டா சொல்லு, பசிக்குது."

கொல்லச் சொன்ன கிருமி என்னோடே இருக்கட்டும்.