சவுக்குப் பட்டைக் கஷாயம்

அந்த மாத்திரைப் பெட்டியின் மேல் ஒரு மரம் வரைந்திருந்தது. ஊசி ஊசியாக இலை, கிளையில் செதில் செதிலாக ஒரு காய், பின்னால் மணலும் கடலும். எங்கள் வீட்டில் அந்த வருடம் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் படத்தைத்தான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன். மரத்தை வரையாமல் வெறும் எழுத்தோடு விட்டிருந்தால் அவன் மாத்திரை விற்காமலா போயிருக்கும்?

எழுபதுகளின் கடைசி. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா புதுச்சேரியில் ஒரு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. வருடக்கணக்கில் நின்றதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகப் புடைத்து மண்புழு மாதிரி சுருண்டு கிடந்தது. இடது கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துப் புண் வைக்கப் பார்த்தது. மில்லில் ஆள் குறைக்கப் போகிறார்கள், நிற்க முடியாதவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று மில் கேட் வாசலில் பேச்சு. உண்மையோ புரளியோ, அம்மா நம்பினாள். கால் தெரியாதபடி சேலையைத் தரையில் புரள விட்டுக் கட்ட ஆரம்பித்தாள். காலைப் பற்றி வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. எனக்கும் அதே பயம்தான். அவள் வேலை போனால் என் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட முடியாது.

அடுத்த வீட்டில் ஒரு சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு அம்மாவை நான் மதாம் அக்கா என்று கூப்பிடுவேன். கணவரோடு பல வருடம் பிரான்சில் இருந்து திரும்பியவர். அவருக்கும் அம்மாவுக்கு இருப்பதுபோலவே கால். மகன் அங்கிருந்து அனுப்பிய மாத்திரையில் ஒரு பெட்டியை அம்மாவுக்குக் கொடுத்தார். மரப்பட்டையிலிருந்து எடுத்த சாரம் என்று உள்ளே இருந்த தாளைப் படித்துச் சொன்னார். கடலோரத்தில் மணல் பறக்காமல் இருக்க நட்டு வளர்க்கிற மரமாம்.

அம்மா சாப்பிட்டாள். வீக்கம் வடிந்ததா, வடிந்ததாக அவள் நினைத்துக்கொண்டாளா தெரியாது. காலைப் பிடித்துக்கொண்டு முனகுவது நின்றது. பிறகு பெட்டி தீர்ந்தது. மதாம் அக்காவிடமும் இல்லை. காலிப் பெட்டியை அம்மா தூக்கிப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே கேட்டாள்.

"இன்னாக்கா, இது நம்ம சவுக்கு மரந்தானே?"

மதாம் அக்கா பெட்டியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அங்க பாக்கறதுக்கு இப்படியேதான் இருக்கும். சவுக்குத் தோப்புக்குப் போறோம்னுதான் நாங்களும் சொல்லிக்குவோம்."

போதாதா? மணல், கடல், ஊசி இலை, செதில் காய். எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் சவுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். கரை நெடுக அதுதான் நின்றது, அடுப்பிலும் அதுதான் எரிந்தது. அடுத்த நாளிலிருந்து அம்மா விறகை அடுப்பில் வைக்கும் முன் பட்டையை உரித்துத் தனியாக வைத்தாள். பட்டையோடு வைத்தால் புகையுமாம், அதனால் உரிக்கிறாளாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது தட்டாஞ்சாவடியில், ஒரு சின்ன மருந்துக் கம்பெனியின் சோதனை அறையில். கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். எங்கள் முதலாளியும் அந்த வெளிநாட்டுப் பட்டை மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்த மரம் பைன் என்பதால், இங்கேயே அதுபோல ஒன்று செய்ய முடியுமா பார்க்கலாம் என்று மலைப்பக்கத்திலிருந்து பைன் மரப்பட்டை மூட்டை மூட்டையாக வரவழைத்திருந்தார். ஊற வைப்போம், காய்ச்சுவோம், வடிகட்டுவோம், வற்ற வைத்துத் தூளாக்குவோம். பிறகு அந்தத் தூளில் என்னென்ன இருக்கிறது என்று தேடுவோம். எங்கள் பிரிவின் மூத்த கெமிஸ்ட் நிதானமான மனிதர். மனுஷன் வாயில் போவதற்கு முன்னால் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கே வருஷங்கள் ஆகும் என்பார். அந்த ஆராய்ச்சி கடைசி வரை எலியைக்கூட எட்டவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் எல்லாமே ஒரே வாரத்தில் முடிந்திருந்தது.

அடுக்களை மூலையில் அந்தச் சட்டியை ஒருநாள் நான் திறந்தேன். செக்கச் செவேலென்று, அடியில் வண்டல் தங்கிய தண்ணீர். அந்த நிறம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வைத்திக்குப்பம் பக்கம் போனால், நூல் வலைகள் உப்பில் இற்றுப் போகாமல் இருக்கப் பட்டை காய்ச்சிய தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டிகளில் இதே நிறம்.

"எம்மா, இது வலைக்கு ஏத்தற சாயம்மா!"

"வலையே இத்துப் போவாம நிக்குதில்ல? நரம்பு நிக்காதா?"

இந்தத் தர்க்கத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பதில் சொல்லித் தரவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து உண்மையான பைன் பட்டை ஒரு துண்டு கொண்டுவந்து காட்டினேன். கனமாக, அடுக்கடுக்காக, பிசின் வாசனையோடு இருந்தது. இரண்டும் வேறு வேறு மரம், பார்க்கத்தான் ஒன்றுபோல இருக்கும் என்றேன். அம்மா மோந்து பார்த்தாள்.

"அப்ப இதுல ரெண்டு கை அள்ளிகினு வா. நான் இன்னா வேணான்னா சொல்றேன்?"

கஷாயத்தில் கொஞ்சம் சின்னப் புட்டியில் ஊற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். மதாம் அக்கா வீட்டு அலமாரியில் உதிரியாகக் கிடந்த ஒரு மாத்திரையும் கிடைத்தது. இரண்டையும் தனித்தனிக் குழாயில் கரைத்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டினேன். இரண்டும் கறுத்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தக் கறுப்பைப் பார்த்ததும் ஒரு கணம் ஆசைதான் வந்தது, இரண்டும் ஒன்றாகவே இருந்துவிடாதா என்று. மூத்த கெமிஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "டீயைக்கூட ஊத்திப் பாரும்மா, கறுக்கும். துவர்ப்பு இருக்குன்னு தெரியுது. அதுக்கு மேல அதுல என்ன இருக்கு, உள்ள போய் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது" என்றார். விஷம் என்று சொல்லியிருந்தால் சட்டியை உடைத்திருப்பேன், ஒன்றுமில்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தெரியாது என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தினமும் அம்மாவின் முகத்தையும் நகத்தையும் கண்ணின் வெள்ளையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டியை நான் கவிழ்த்தால் அவள் மறுபடி காய்ச்சினாள்.

ஒருநாள் காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து நாளாகவே வயிறு போகவில்லை, சோறு இறங்கவில்லை. அதை எனக்குச் சொல்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். வாந்தி எடுத்தாள், செம்மண் நிறத்தில். ரிக்‌ஷாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வெளி மருந்து எதாவது சாப்ட்டீங்களா?"

"இல்லீங்க. பழைய சோறுதான்," என்றாள் அம்மா. போர்வைக்கு அடியில் என் மணிக்கட்டை நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு அந்தக் கிள்ளலின் அர்த்தம் புரிந்தது. கஷாயம் என்றால் எதற்கு என்று கேட்பார், எதற்கு என்றால் காலைப் பார்ப்பார், பார்த்ததைச் சீட்டில் எழுதுவார், சீட்டு மில்லுக்குப் போகும். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர், பட்டைக் கஷாயம் ஒண்ணு... மாசமா இருக்கற பொண்ணு குடிச்சா கொழந்தைக்கு எதனா ஆவுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பதறிப் போய், "நான் இல்ல, எனக்குக் கல்யாணமே ஆவல" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தானே சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். "இதுக்குத்தான் குடிச்சேன். மில்லுல எம் பக்கத்துல நிக்கற பொண்ணுக்கும் கால் வீங்குச்சு. பாவமா இருந்துச்சு, ஒரு பாட்டில் குடுத்தேன். நீ ஓடுடி. ஷிப்டு விடறதுக்குள்ள போய் அவள குடிக்க வேணான்னு சொல்லு."

ஓடினேன். மில் கேட்டை நான் அடையும்போது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அம்மாவோடு சில தடவை பார்த்திருந்த அந்தப் பெண்ணைக் கூட்டத்தில் கண்டுபிடித்தேன். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டுக் கூடையில் காலி பிராந்தி பாட்டில் ஒன்று துண்டு சுற்றி இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அம்மா இன்னிக்கு வரலியா? நேத்தே தீந்துடுச்சிக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்திக் குடுக்கச் சொல்லு, கால் தேவலாம் போல இருக்கு."

விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. "உங்கம்மா குடிக்கறதத்தானே நானும் குடிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவளையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பார்த்தார்கள், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கேயும் அதே பதில்தான், தெரியாது.

அம்மா சில நாளில் தேறினாள். நின்று வேலை செய்யக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. அம்மா அதைத் தானே கொண்டுபோய் மில்லில் கொடுத்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை என்று கணக்கை முடித்து அனுப்பினார்கள். அவள் அழவில்லை. டாக்டர் சொன்னபடி தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் எப்போது செய்தி வருமோ, என்ன செய்தியோ என்று தெருவில் யார் வேகமாக நடந்தாலும் வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை என்று அவள் மேல் கோபம்கூட வந்தது.

மழைக்காலத்தில் அந்தப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். பெண் குழந்தை. அம்மா எழுந்து உட்கார்ந்து மடியில் வாங்கினாள். முகத்தை அப்புறம்தான் பார்த்தாள். முதலில் துணியை அவிழ்த்தாள். கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், கால் விரல்களைப் பிரித்தாள். பிறகு இரண்டு குட்டிக் கெண்டைக்காலையும் தன் உள்ளங்கையில் ஏந்தி, நரம்பு தேடுகிறவளைப் போல மெல்லத் தடவினாள்.

"கால் நல்லா இருக்குடி" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு, வேலை போன அன்றுகூட அழாதவள், தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.