ஸ்டெல்லா அக்காவின் இட்லி மாவும் சொல்லாமல் வந்த குளிரும்

மாவு ஆட்டி விற்கிற தொழிலில் பாதி வேலையைக் கிரைண்டர் செய்யும், மீதியை வெளியே அடிக்கிற வெயில் செய்யும். அமெரிக்காவில் குடியிருந்து, பொங்கிவிட்டதா பொங்கிவிட்டதா என்று வாளியைத் திறந்து திறந்து பார்த்த அக்கா தங்கச்சிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், நமக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும்.

எண்பதுகளில் நாங்கள் அங்கே பார்சிப்பனி என்கிற ஊரில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ஊரிலிருந்து கல் கிரைண்டரைக் கொண்டுவந்து, கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற கனத்த பெட்டி ஒன்றோடு சமையலறையில் வைத்தார். தமிழ் வீடுகளுக்கு நான் மாவு ஆட்டிக் கொடுத்தேன். காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி எடுத்து வருவார்கள், நிரப்பிக் கொடுப்பேன். எனக்கு யாரிடமும் போய்ப் பேச வராது. மாவுக்கு வந்தவர்கள் தாங்களே பேசுவார்கள், நான் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த சிநேகிதமெல்லாம் அந்த டப்பாக்களோடு வாசலுக்கு வந்ததுதான்.

பின் சீட்டில் மாவு

ஆகஸ்டு மாதம் அங்கே எப்படி வேகும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலையில் ஆட்டினால் மத்தியானமே மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கும். சுந்தர் என்று ஒரு கல்யாணமாகாத பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டப்பாவை வாங்கிக் காரில் வைத்தவன், நேரே வீட்டுக்குப் போகாமல் வழியில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். கார் வெயிலில் நின்றிருக்கிறது, கண்ணாடி எல்லாம் ஏற்றி.

மறுநாள் கதவைத் தட்டினான். முகத்தைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன். சீட்டெல்லாம் மாவாம், இடுக்கில் இறங்கிக் காய்ந்து போச்சாம், ஆபீஸ் நண்பன் அவன் காரில் ஏற மாட்டேன் என்கிறானாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் காலி டப்பாவை நீட்டினான்: "அதை விடுங்கக்கா, அடியில மிஞ்சினதுல தோசை சூப்பரா வந்துச்சு. இனிமே மாவுக்கு சீட் பெல்ட்டை நான் போடணுமா, நீங்களே போட்டுக் குடுத்துருவீங்களா?"

நீலக் கரை

அதிலிருந்துதான் டிவியில் வானிலை சொல்கிறவரைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது, படத்தைத்தான் பார்ப்பேன். ஒரு சிவப்புக் கோடு வரும், ஒரு நீலக் கோடு வரும். நீலக் கோட்டில் முக்கோணம் முக்கோணமாகப் பல் இருக்கும், அப்படியே என் கல்யாணப் புடவைக் கரை மாதிரி. அது மேற்கேயிருந்து நகர்ந்து நகர்ந்து நம் ஊர்ப் பக்கம் வரும்.

அது என்னவென்று வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சம். ஏற்கெனவே அவர், ராத்திரிச் சாப்பாடு சரியாக அந்த மனிதர் வருகிற நேரத்துக்குத்தான் தாமதமாகிறது என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் என் மகள் ஷீலாவிடம் கேட்டேன். அப்போதுதான் கிண்டர்கார்டன் சேரப் போகிற பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரிச் சொன்னாள்: "புளூ டிரையாங்கிள்ஸ் மீன்ஸ் ஸ்வெட்டர், மம்மி."

ஸ்டெல்லா அக்கா கேட்டது

எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்துக்கு வருகிற ஸ்டெல்லா அக்கா டாக்டர். அவர் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து மாமியார் வந்திருந்தார். சபை முழுவதற்கும் காலைச் சாப்பாடு இட்லி. அமெரிக்காவிலும் மல்லிகைப்பூ இட்லி கிடைக்கும் என்று அக்கா மாமியாரிடம் முன்கூட்டியே பெருமை பேசியாயிற்று. அதற்கு மாமியார் லேசாகச் சிரித்தாராம், அந்தச் சிரிப்புதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார் அக்கா.

எனக்கு வேறு பயம். எங்கள் கிரைண்டர் சத்தத்தைப் பற்றிக் கீழ் வீட்டு டோரத்தி அப்பார்ட்மெண்ட் மேனேஜரிடம் புகார் கொடுத்திருந்தாள். இன்னொரு புகார் வந்தால் மிஷின் வெளியே போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கும் அலுத்துப் போச்சு. ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டெல்லா ஆர்டரை நல்லபடியா முடி, மேனேஜர்கிட்ட நான் போய்ப் பேசறேன். சொதப்பிட்டேன்னா மிஷினைத் துணி போட்டு மூடி வச்சிடலாம், என்ன?"

சனிக்கிழமை

ஞாயிறு தாண்டித்தான் நீலக் கரையும் அதோடு குளிரும் வரும் என்று டிவிக்காரர் படம் காட்டியிருந்தார். அதை நம்பி, வெயில் காலத்துக் கணக்குப்படி சனிக்கிழமை காலையில் ஆட்டினால் போதும் என்று விட்டிருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே இடி இடித்து மழை கொட்டி, விடிந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம், ஜில்லென்று காற்று. ஊரே ஜன்னலைத் திறந்து போட்டுச் சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வருகிறேன். வானிலைக்காரர் தப்பாகச் சொன்னால் மறுநாளும் அதே கோட்டு, அதே டையோடு வந்து நிற்கலாம், மாவுக்காரிக்கு அந்த வசதி ஏது?

காலையில் ஆட்டிய மாவை மத்தியானம் திறந்து பார்த்தேன். ஒரு குமிழி இல்லை, சுண்ணாம்பு கரைத்து வைத்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. ஹீட்டர் அக்டோபரில்தான் போடுவார்கள். அடுப்பின் ஓவனுக்குள் அவ்வளவு பெரிய வாளி நுழையாது. என்ன செய்ய? பேஸ்மெண்டில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கிற அறை இருந்தது. துணி காய வைக்கிற டிரையர் ஓடினால் அங்கே நம்ம ஊர்ச் சித்திரை மாதிரி இருக்கும். ஷீலாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு வாளியையும் ஒவ்வொன்றாக இறக்கி, டிரையர் பக்கத்தில் வைத்து, காய்ந்த துணியையே மறுபடி மறுபடி உள்ளே போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

துணிக்கூடையோடு டோரத்தி உள்ளே வந்தாள். இதோ அந்தக் கடைசிப் புகார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் வாளியைத் திறந்து பார்த்து, என்ன இது என்றாள். எனக்கு வந்த இங்கிலீஷ் மூன்றே வார்த்தை, சர்ச், பேபி, பிரெட். மீதியை ஷீலா சொன்னாள், மாடியில் நாங்கள் ஓட்டுகிற மிஷின் இதற்குத்தான் என்று அதையும் சேர்த்தே போட்டு உடைத்தாள். டோரத்தி என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுத்த டிரையரில் காய்ந்திருந்த தன் துண்டுகளைச் சூடாக உருவி, மூடிகளை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி வாளிகளின் மேல் போர்த்தினாள். போகும்போது ஷீலாவிடம் சொன்னது இது: "அப்போ இந்த சம்மர் முழுக்க நான் திட்டினது பிரெட்டையா? மேலே கார் என்ஜின் ரிப்பேர் பண்றாங்கன்னுல்ல நினைச்சேன்."

மாமியார் சொன்னது

சாயங்காலம் மாவு துண்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. எனக்கு அழுகையே வந்தது. ஞாயிறு காலை சர்ச் சமையலறையில் முதல் தட்டைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துணி வாசனையாக இருப்பதற்காக டிரையரில் ஒரு மெல்லிய காகிதம் போடுவார்களே, அந்த வாசனை முழுவதும் துண்டிலிருந்து மாவுக்கு இறங்கியிருந்தது. இட்லி வெள்ளை வெளேரென்று பூவாக இருக்கிறது, பிட்டால் துவைத்து வைத்த தலையணை உறை மாதிரி மணக்கிறது. ஸ்டெல்லா அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவருகே நின்ற எங்க வீட்டுக்காரர் கிரைண்டரை மூட எந்தத் துணி என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

வேறு வழியில்லை, சாம்பாரை இரண்டு கரண்டி கூடவே ஊற்றிப் பரிமாறினோம். மாமியாருக்கு முதல் தட்டு. அவர் ஒரு விள்ளல் பிட்டார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், நிறுத்தினார். வாயில் போட்டு, மென்று, முழுங்கி, மருமகள் பக்கம் திரும்பினார்: "ஏட்டி ஸ்டெல்லா, இங்க இட்லிக்குக்கூட சென்ட் போட்டுத்தான் விக்காகளா? பஞ்சாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வையி."

மாவு புளித்ததா என்று விசாரித்த ஊர் அதற்குப் பிறகு எந்த சோப்புப் போட்டாய் என்று விசாரிக்கத் தொடங்கியது என்றாலும், திங்கட்கிழமை வீட்டுக்காரர் சொன்னபடியே மேனேஜரைப் பார்க்கப் போனார், நான் உளுந்தை ஊறப்போட்டேன்.