மடிப்பு காட்டும் இடம்

துண்டு வலைநூல் கைக்கு அகப்பட்டால் போதும், பானுப்ரியா அதை இரண்டாக மடித்து, இரு பக்கத்தையும் ஒட்ட வைத்து, முனையில் சின்னதாக ஒரு கண்ணி விட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஏரியோரத்துக் கோட்டைக்குப்பத்தில், மீனவர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? சன்னல் விளிம்பு, ஃபிரிட்ஜின் தலை, அவளுடைய துப்பட்டா நுனி, எங்கும் மடித்த நூல்கள்தான். "பைத்தியமாடி உனுக்கு?" என்பாள் அம்மா லோகாம்பாள், இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி செய்கிறாள் பானுப்ரியா. வாரக் கடைசியில் திருப்பாலைவனம் வழியாக பஸ்ஸில் ஊர் திரும்புவாள். ஆய்வகப் பழக்கமும் கூடவே வந்துவிடும். குழம்புச் சட்டி திறந்திருந்தால் அதன் மேல் குனிந்து பேசமாட்டாள். எச்சில் பட்டால் ஆர்.என்.ஏ. அழிந்துவிடும் என்ற பயம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. "எங்கொழம்பு இன்னா உன் டெஸ்ட் டியூபா?" என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

நூலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, கண்கள் அகல விரியும். "யம்மா, இறாலோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இந்த மாரி நீட்டு ஆர்.என்.ஏ. இழை கீது. அதுவே மடிஞ்சி, அதுல வரிசயா கீற ரசாயன எழுத்துங்க ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேந்துக்குது. கத்திரி மாரி ஒரு புரதம் வருது. எங்க வெட்டணும்னு அதுக்கு ஆரும் சொல்றதில்ல. மடிப்பு எங்க தொடங்குதுன்னு பாத்து, அளந்து வெட்டுது. அப்பறம் இன்னொண்ணு வந்து அந்தக் கண்ணிய நறுக்குது. மிச்சம் ஒரு துணுக்கு!"

அந்தத் துணுக்கு எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. ஆனால் செல்லுக்குள் எந்த மரபுச் செய்தி வாயை மூட வேண்டும் என்று அதட்டி வைக்கும். கண்ணுக்கே தெரியாத இடத்தில், மேஸ்திரி இல்லாமல் இத்தனை கச்சிதமான வேலை! நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அவள் ஒரு விஷப்பரீட்சையில் இறங்கினாள். மடிந்த இழையின் ஒரு பக்கத்து எழுத்துகளை மாற்றினாள். ஜோடி கலைந்தது, மடிப்பு குலைந்தது, துணுக்கு வரவில்லை. பிறகு எதிர்ப் பக்கத்தையும் மாற்றி, புது எழுத்துகளுக்குப் புது ஜோடி சேர்த்தாள். எழுத்து வேறு, மடிப்பு பழையது. கத்திரி பார்ப்பது மடிப்பைத்தான் என்றால் துணுக்கு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அவள் இத்தனை வருடம் சொல்லிவந்தது தப்பு. அப்படியானால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிக்கொள் என்று பேராசிரியர் முன்பே சொல்லிவிட்டார். முடிவைப் பார்க்கத் தைரியமில்லாமல், அந்த வேலையை ஆய்வகத் தோழி ரோஸ்மேரி தலையில் கட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் அம்மாவுக்கு ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ரோஸ்மேரி சோதனைப் படத்தை அனுப்பியிருந்தாள். துணுக்கு இருந்தால் அதில் கறுப்புக் கீற்றாகத் தெரியும். மாற்றாத இழைக்குக் கறுப்பாக ஒரு கீற்று. மடிப்பு குலைந்த இழைக்கு ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. பக்கத்தில், புது ஜோடி சேர்த்த இழைக்கு, மெலிதாக, ஆனால் அதே உயரத்தில் இன்னொரு கீற்று. 'வந்துடுச்சுடி!' என்று கீழே எழுதியிருந்தாள்.

பானுப்ரியா கத்தவில்லை, குதிக்கவில்லை. போனை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, செதிலும் சேறுமாகக் கிடந்த அந்தக் கரையில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"இன்னாடி, செருப்பு அந்துபோச்சா?" என்றாள் லோகாம்பாள்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வெறுங்காலோடு நின்று அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.