மூன்று ‘உடனே’

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த நூற்பாலையில் புது மெஷின் நின்றுபோனது. ஆட்கள் எல்லோரும் வேலையில்லாமல் நின்றோம். அதைச் சரிசெய்ய ஜப்பானிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். அவர் பேச்சை மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் வந்தார். சொந்த ஊர் மல்லாங்கிணறாம். எதைச் சொல்வதற்கு முன்னும் கண்ணை மூடி ஒரு கணம் யோசிப்பார்.

இருவரும் காரைவிட்டு இறங்கியதுமே முதலாளி கத்தினார்: “லோடு போகணும், உடனே சரி பண்ணச் சொல்லும்மா!”

அந்தப் பெண் கண்ணை மூடினார். பிறகு தலை தாழ்த்தி மெதுவாக ஏதோ சொன்னார். பெரியவரும் தலை தாழ்த்திவிட்டு, கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் மெஷினைத் திறந்தார்.

“என்னம்மா சொன்னீக?” என்று கேட்டேன்.

“உடனேங்கிறதுக்கு அவுக பாஷையில மூணு நாலு வார்த்தை இருக்குண்ணே. ‘சுகு’ன்னா நம்ம ஆளுககிட்ட சாதாரணமாச் சொல்றது. ‘தடச்சினி’ன்னா உத்தரவு போடுற மாதிரி. முதலாளி கத்துனதுக்கு அதுதான் சரி. ஆனா பெரியவுக மனசு விட்டுப்போகும். அதான் ‘சஸ்ஸொக்கு’ன்னேன். வந்ததும் வராததுமா கேக்குறோம், கொஞ்சம் பாருங்கன்னு மரியாதையாச் சொல்றது அது.”

சாயங்காலம் மெஷின் ஓடியது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தியாம்மா, அதட்டிச் சொன்னாத்தான் வேலை நடக்கும்!”

“ஆமாங்கய்யா,” என்றார் அந்தப் பெண்.

அப்போது அவர் எப்படிச் சிரிக்காமல் நின்றார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.