பங்கேற்பாளர் மூன்று

பண்புசார் ஆய்வு முறைகள் பற்றிய அந்தப் பயிலரங்கு தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் நடந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த எனக்கு அதன் சான்றிதழ் வேண்டியிருந்தது. கணவர் குவைத்தில் இருந்தார். ஒன்றரை வயது மகன் திருக்கடையூர்ப் பக்கம் மாமியார் வீட்டில். நான் விடுதியில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வெளியே அறை எடுத்து அவனை அழைத்து வந்துவிடலாமா, ஆய்வேடு முடியும்வரை அங்கேயே விடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்த சமயம் அது.

முதல் நாள் இருவர் இருவராக உட்கார்ந்து பேட்டி எடுக்கப் பழகினோம். எனக்கு வாய்த்தவர் திருவாரூரில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. "உங்க வாரம் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க" என்று கைபேசியில் பதிவை ஓடவிட்டார். பஸ் கூட்டத்தைச் சொன்னேன். குறுவை அறுப்பில் மாமியார் வயலுக்கும் பிள்ளைக்குமாக அலைவதைச் சொன்னேன். பிறகு ஏனோ, "முன்னல்லாம் கிளம்பறப்ப காலக் கட்டிக்கிட்டு அழுவான், பஸ்ஸ விட்டுடுவேன். இப்பல்லாம் என்னைத் தேடறதில்லக்கா" என்றேன். பெயர் வராது, இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

மறுநாள் திரையில் அக்கா தட்டச்சு செய்து கொடுத்த அந்தப் பேட்டிதான் வந்தது. என் பெயருக்குப் பதில் 'பங்கேற்பாளர் மூன்று'. மென்பொருளில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அது எதைச் சொல்கிறதோ அதற்கொரு தலைப்புக் கொடுக்க வேண்டும், கோட் என்பார்கள். வரிக்குப் பக்கத்தில் நிறப் பட்டை விழும். பஸ்ஸும் வயலும் சீக்கிரம் முடிந்தன.

என்னைத் தேடறதில்ல என்ற கடைசி வரிக்கு, "ஏக்கம் சார்" என்றார் முன்வரிசைக்காரர். நீலப் பட்டை விழுந்தது.

"எனக்கு நிம்மதின்னு தோணுது சார்" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "முந்தின வரியப் பாருங்க. பஸ்ஸ விட்டதத்தான் சொல்றாங்க."

"பெத்தவ அப்படி நெனைப்பாளாம்மா?" என்று திரும்பினார் முன்வரிசைக்காரர்.

"நெனைக்கக் கூடாதுன்னு சட்டமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிலரங்கை நடத்தியவர், "ஒரு வரிக்கு ஒரு கோட்தான்னு இல்ல, ரெண்டையும் போடலாம்" என்று பச்சைப் பட்டையையும் சேர்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க வாயே தொறக்கலியே. எது சரி?"

அக்கா பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"யோசிக்கணும் சார்."

"யோசிச்சுட்டே இருந்தா தீசிஸ் முடியாது மேடம்."

நானும் சிரித்து வைத்தேன்.

இடைவேளையில் அக்கா சமோசாத் தட்டை நீட்டி, "இதப் போய் எடுப்பாருன்னு நெனைக்கலம்மா" என்றார். நிம்மதி என்று சொன்ன பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பதிவை வாங்கிக் கேட்டேன். தேடுவதில்லை என்று சொன்னபின் ஒரு பெருமூச்சு கேட்டது. வார்த்தை ஒன்று விடாமல் தட்டச்சு செய்திருந்த அக்கா அதை விட்டிருந்தார். அது நீலத்தின் பக்கமா பச்சையின் பக்கமா என்று எனக்கும் விளங்கவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போகும்போது, பிள்ளையை அழைத்து வந்துவிடலாம், துணிகளை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஞாயிறு சாயங்காலம் மாமியார் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு டாட்டா காட்டு தம்பி" என்றார். காட்டினான். நான் செருப்பை மாட்டுவதற்குள் கன்றுக்குட்டி பக்கம் திரும்பிவிட்டான்.

"அவன் பாட்டுக்கு இருக்கான். நீ கவலப்படாம போய்ப் படிம்மா."

துணியைப் பற்றி நான் பேசவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மயிலாடுதுறை வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். அன்று வேலை நன்றாக ஓடியது.