இருநூறு புங்கங்கன்றுகள்

செடி விற்கிறவனிடம் எப்போது நடலாம் என்று எல்லோரும் கேட்பார்கள், பதில் வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். யாருக்காவது யோசனை சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில், பொன்னேரிக்குப் பக்கத்தில் நானும் என் மனைவி வேதவல்லியும் நாற்றங்கால் வைத்திருந்தபோது நடந்தவை இவை.

மல்லிகைக்குக் கவாத்து

மல்லிகையைக் கார்த்திகையில் வெட்டிவிடுங்கள், பங்குனியில் பூக்கும் என்று அரிசி மில்காரர் வீட்டம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் பங்குனியில், மொட்டு விட்ட பிறகு வெட்டினார். பூ இல்லை என்று சண்டைக்கு வந்தார். ஏனம்மா கார்த்திகையில் வெட்டவில்லை என்றேன்.

"தீபத்தன்னிக்கு ஊட்டு வாசல்ல செடி மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"

திறப்பு விழா

சித்திரைக் கடைசியில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு தொழிற்சாலை அதிகாரி ஜீப்பில் வந்தார். அடுத்த வாரம் திறப்பு விழா, மதிலோரம் நட இருநூறு புங்கங்கன்று வேண்டும் என்றார். இந்த வெயிலில் வேண்டாம், ஐப்பசி மழைக்கு நடுங்கள் என்றேன். கேட்கவில்லை. சரி, சாயங்காலம் நடுங்கள், கன்று இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து நடுங்கள், இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். லாரியில் ஏற்றும்போது தொழிற்சாலை மேஸ்திரியிடம் வேதவல்லி அதையே இன்னொரு தடவை சொன்னாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐப்பசியில மழை வரும், சரி. மந்திரி வருவாரா?"

முனுசாமி வந்தார்

மூன்று வாரத்தில் இருநூறும் காய்ந்தன. பட்டுப்போன செடியைத் தலையில் கட்டிவிட்டோம் என்று அதிகாரி ஊரெல்லாம் சொன்னார். ஆட்கள் வருவது நின்றது. ஆரம்பாக்கத்து விவசாயி முனுசாமி அறுபது ஒட்டு மாங்கன்று சொல்லிவைத்திருந்தார். அத்தனையும் வேதவல்லி தன் கையால் ஒட்டுக்கட்டி, ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வந்தார்.

"கம்பெனிக்காரனுக்கே செத்த செடிய குட்த்துட்டு, எனுக்கு இன்னா தரப்போற நைனா?"

தோண்டிப் பார்த்தது

வேதவல்லி கடப்பாரையை எடுத்துக்கொண்டு, முனுசாமியையும் கூப்பிட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறினாள். நான் பின்னால் ஓடினேன். தொழிற்சாலை மதிலோரம் முதல் கன்றைத் தோண்டினாள். வேரைச் சுற்றி எங்கள் கறுப்பு பிளாஸ்டிக் பை, நாங்கள் கொடுத்தபடியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, எல்லாம் பையோடு புதைத்தவை; ஊற்றிய தண்ணீர் பைக்கு வெளியிலேயே போய், உள்ளே மண் காய்ந்து கிடந்தது.

மேஸ்திரி ஓடிவந்தார். "பைய கிழிச்சா மண்ணு கொட்டி சிமெண்டு தரை அயுக்காவுதும்மா. மந்திரி வர்ற எடம். நான்தான் கிழிக்காதீங்கடான்னேன்" என்றார், பெருமையாக. அதிகாரியும் வந்து பையை விரலால் தொட்டுப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "கிழிக்கவும்னு பை மேல எழுதியிருக்கணும் நீங்க" என்றார்.

முனுசாமி சிரித்த சிரிப்பில் காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அறுபதும் எனுக்குத்தான், யம்மா. ஐப்பசியில நடும்போது நீயே வந்து குந்திக்கினு கிழிச்சுக் குடு, இந்த மாதிரி ஆளுங்க என் ஊட்லயும் கீறானுங்க!"

கன்று வளர்க்கத் தெரிந்தால் மட்டும் இந்தத் தொழில் நடக்காது, செத்த கன்றைத் தோண்டிச் சாட்சி சொல்லவும் தெரிய வேண்டும்.