அப்பா கலந்த மஞ்சள்

அச்சைப் பிரிக்க நான்கு கை வேண்டும். கடைசி ஞாயிறன்று அப்பா ஒரு பக்கம் நெம்ப, மறுபக்கம் நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு கிழவரின் கன்னமும் தாடையும், சிலிக்கானில். ஓரம் வெங்காயச் சருகு போல இருந்தது.

"இழுக்காதடி. ஓரம் கிழிஞ்சா நாளைக்கு அவரு மூஞ்சி ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்."

வீட்டுக்குள்ளும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். பசை நெடி கண்ணை எரிக்கிறதாம்.

சினிமாவுக்கும் டிவி தொடர்களுக்கும் காயம், தழும்பு, முதுமை செய்துகொடுப்பது அப்பாவின் தொழில். பிணங்கள்தான் அதிகம். அம்மா இருந்தவரை, "இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள்.

கடைசியாகச் செய்த தொடரில் கதாநாயகியின் தகப்பன் கல்லீரல் கெட்டு மெல்லச் சாகிறான். அந்த வேடம் போட்ட நடிகருக்குத் தினமும் தோல் ஒட்டி மஞ்சள் நிறம் ஏற்ற வேண்டும். ஒரே கை ஒட்டினால்தான் நேற்றைய முகமும் இன்றைய முகமும் ஒத்துப்போகும். அதனால் அப்பாவுக்கு லீவு கிடையாது.

அப்பாவுக்கு வயிற்று வலி. எடையும் இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான் ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். எந்த சென்டரிலும் அவரைக் காக்க வைக்காமல் படுக்க வைத்திருப்பேன்.

"இந்த ஆளு செத்ததும் வர்றேம்மா."

"எப்பப்பா சாவாரு?"

"ரேட்டிங் நல்லா இருக்கு. இப்போதைக்குச் சாக மாட்டாரு."

ஸ்கேனுக்கு ஊசியில் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று முன்பே ரத்தத்தில் பார்க்க வேண்டும். நான் நச்சரித்ததில் ஸ்டுடியோ பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தார். ஷூட்டிங் முடிந்து வரும்போது ரிப்போர்ட்டை வாங்கி வருவதாகச் சொன்னார். அன்றைக்கே மேக்கப் அறையில் விழுந்தார்.

யூனிட் வேனில், நான் காத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே நடிகரும் வந்தார், பாதி கன்னம் ஒட்டிய நிலையில், மஞ்சள் முகத்தோடு. ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் நேராக அவரிடம் போய், "பெரியவரே, மெதுவா படுங்க" என்று தோளைப் பிடித்தார்.

"நான் இல்லப்பா! வேனுக்குள்ள பாரு!"

வேனுக்குள் அப்பா நல்ல நிறத்தோடு கிடந்தார்.

நர்ஸ் ஈரப் பஞ்சால் அவர் நெற்றியைத் துடைத்தார். பஞ்சு தோல் நிறத்தில் வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தார். அடியில் மஞ்சள். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணும் மஞ்சள்.

"என்னம்மா இது? எதைப் பூசியிருக்காரு?"

நடிகர்தான் சொன்னார். "தெனமும் கலர் கலக்குறதுக்கு முன்னாடி மூஞ்சியக் கழுவிட்டுத் தனியாக் கண்ணாடி முன்னாடி நிப்பாரும்மா. டைரக்டரே கேட்டாரு, 'எங்கண்ணே புடிச்சீங்க இந்த மஞ்சளை?'ன்னு. 'எல்லாம் சொந்தச் சரக்கு'ன்னாரு. நாங்க சிரிச்சோம். அப்புறம் தனக்கும் தோல் கலர் பூசிக்குவாரு. வயச மறைக்கிறாருன்னு நெனச்சோம்."

பேசும்போதே அவர் ஒட்டுக் கன்னம் கழன்று தொங்கியது. பிய்த்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணையத்துக் கட்டி பித்தக் குழாயை அடைத்து, தொற்று ரத்தத்தில் கலந்திருந்தது. மஞ்சள் தெரிந்த அன்றே வந்திருந்தால் சிறு குழாய் வைத்து அடைப்பைத் திறந்திருக்கலாம் என்றார் டாக்டர். கட்டி கட்டிதான், ஆனால் கொஞ்ச காலம் கிடைத்திருக்கும். அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். தொடரில் தகப்பன் இன்னும் சாகவில்லை. வேறொருவர் ஒட்டுகிறார்.

நேற்று அப்பாவின் போன் அடித்தது. எடுத்தேன்.

"சார் இருக்காருங்களா? லேப்ல இருந்து பேசறோம். ரத்த ரிப்போர்ட் இங்கயே கெடக்கு. வந்து வாங்கிக்கறேன்னாரு, வரவே இல்ல."

"அவர் வர மாட்டார்."

"அப்ப வீட்ல வேற யாரையாச்சும் அனுப்புங்க. எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும்."